பொன்துகிலின் பின்பக்கம்

என் மகனுக்கு, கோபம் இன்னும் தணியாத உன் அம்மா எழுதுவது.

நம் மாதா கோயில் திருவிழா மலரில் உனக்காக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். உபதேசியார் மகன் ஆரோக்கியம் போன வாரம் வீட்டுக்கு வந்தான். "பொன்துகில புதுசு மாதிரி ஆக்கிக் குடுத்துட்டாரு உங்க புள்ள. திருவிழா முடிஞ்சதும் ஃபாரின் வேற போறாரு. பெத்தவங்க வாழ்த்துன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்கக்கா. சின்னதா, மனசு குளிர்ற மாதிரி" என்றான். எழுதித் தருகிறேன் என்று சொல்லி, காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அந்தப் பக்கத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மனசு குளிர்கிற மாதிரி ஒரு வரிகூட வரவில்லை. வருவதெல்லாம் இதுதான். இதை அவர்கள் மலரில் போட மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். அதனால் ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். கொடியேற்றம் முடிந்த மறுநாள், ஊரில் யார் யார் வாயால் என் பெயர் கெட்டதோ அவர்கள் எல்லோர் கைக்கும் ஆளுக்கு ஒரு பிரதி போகும். உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் விளக்கமாக எழுதுகிறேன் என்றால், அது அவர்களும் படிப்பதற்காகத்தான்.

நம் கோயில் பீடத்துக்கு முன்னால் தொங்குகிற பொன்துகிலை இந்த வட்டாரத்தில் அறியாதவர்கள் இல்லை. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் புதுச்சேரி வழியாகக் கொண்டுவந்தது என்பார்கள். கொடியும் பூவும் பறவையும் புடைத்து நிற்க, முழுக்கத் தங்க நிறம். தங்க இழையில் நெய்த துணி என்றுதான் எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். திருவிழாவில் கொடி ஏறியதும் சனம் வரிசையில் போய் அதன் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். மற்ற நாளில் தொடக் கூடாது. தோல் செருப்பு, தோல் பெல்ட்டோடு பீடத்துக் கிராதியைத் தாண்டக் கூடாது. என்னைப் போலத் தோல் பதப்படுத்துகிற டேனரியில் வேலை செய்கிற பெண்கள் குளித்துவிட்டு வந்தாலும் கடைசி பெஞ்சுதான். வாடை வருகிறதாம்.

அந்தத் துகிலைத் துடைக்கிற உரிமை ஒரே ஒரு வீட்டுக்கு. மண்டிக்காரம்மா வீட்டுக்கு. அவருடைய வீட்டுக்காரர் தோல் மண்டி வைத்து ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் வாங்கி விற்றே மாடி வீடு கட்டினார். தோலை விற்கிற கைக்கு வாடை கிடையாது, தோலைப் பதப்படுத்துகிற கைக்குத்தான் வாடை. அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. வயதுக்கு மரியாதை கொடுத்து 'அவர்' என்று எழுதப் பார்க்கிறேன் தம்பி. கை கேட்க மாட்டேன் என்கிறது. இனிமேல் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்கு முன்னால் அவளும் அவள் வீட்டுப் பெண்களும் வந்து பித்தளை மெழுகுவர்த்திக் கால்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார்கள். தேய்த்த கையோடு பொன்துகிலையும் அதே புளி, அதே சாம்பலால் ஒரு தேய் தேய்த்து ஈரத்துணியால் ஒற்றி எடுப்பார்கள். தங்கமாயிற்றே, பளபளவென்று இருக்க வேண்டுமல்லவா! நீ நாலாவதோ ஐந்தாவதோ படித்த வருடம், அவள் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். அப்போதிருந்த சாமியார் என்னைக் கூப்பிட்டு, "நீ தூசி மட்டும் தட்டிடும்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுப் புடவை கட்டிக்கொண்டு, காய்ந்த பருத்தித் துணியால், பச்சைக் குழந்தையைத் துடைப்பது மாதிரி துடைத்தேன். தண்ணீர்கூடத் தொடவில்லை. அங்கங்கே கறுப்புத் திட்டு இருந்ததைப் பார்த்தேன், நிழல் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பீடத்துக்கு மேலே புது டியூப் லைட் மாட்டினார்கள். அந்த வெளிச்சத்தில் துகிலின் கீழ்ப்பாதி கன்னங்கரேல் என்று தெரிந்தது. காய்ச்சல் விட்டு எழுந்து வந்த மண்டிக்காரம்மா கோயில் நடுவில் நின்று போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

"இன்னாடி பண்ண? டேனரியில ஊறுன கைய வெச்சி சாமி துகில தொட்டியா? பாருங்க சாமி, தங்கமே கறுத்துப்போச்சு! கைய காட்டுடி, எல்லாரும் பாக்கட்டும்!"

என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். நான் அப்போது குரோம் மருந்து ஏற்றிய ஈரத் தோலை அடுக்குகிற வேலையில் இருந்தேன். அந்தத் தோல் வெளிர் நீலமாக இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் நகத்தடியில் நீலம் தங்கிவிடும். அந்த நீலத்தைத்தான் ஊருக்கே காட்டினாள். உன் அப்பா என் முழங்கையை இறுக்கிப் பிடித்து, "பெரிய எடம். ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வந்துடு, பேஜாரு வேணாம்" என்றார். கேட்டேன். செய்யாத தப்புக்கு அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயிறு உன்னை, பூசையில் சாமியாருக்கு உதவுகிற பீடச் சிறுவர் கூட்டத்திலிருந்து நிறுத்தினார்கள். நான் தைத்துக் கொடுத்த வெள்ளை அங்கியை வாங்கி வேறொரு பையனுக்குப் போட்டார்கள். நீ அழாமல் வீட்டுக்கு வந்து, என் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அந்தப் பார்வைக்காகவே அவளை நான் விட மாட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஊரில் வேறு பெயர் கிடையாது. தங்கத்தைக் கறுக்கடித்தவள். குழாயடியில் யாராவது புதுக் கம்மல் போட்டு வந்தால், "தள்ளி நில்லுடி, அவ கை பட்டுடப் போவுது" என்று சிரிப்பார்கள். கல்யாண வீட்டில் தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்கு ஒவ்வொருவர் கையாகப் போகும் இல்லையா? எனக்கு முந்தினவள் தொட்டதும், தட்டைத் தூக்கி என் தலைக்கு மேலாக அடுத்தவளிடம் கொடுப்பார்கள். சண்டை எல்லாம் போட மாட்டார்கள், சிரித்துக்கொண்டேதான் செய்வார்கள். என் சொந்த அக்கா மகள் கல்யாணத்திலும் அந்தத் தட்டு என்னைத் தாண்டித்தான் போயிற்று. திருவிழாக்களில் எல்லோரும் துகிலைத் தொடப் போகும்போது நான் வெளியே கொடிமரத்தடியில் நிற்பேன். பாவசங்கீர்த்தனத்தில் எத்தனை சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா, ஒருத்தி மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை என்று! அவர்கள் செபம் சொல்லச் சொல்வார்கள். சொல்லி முடிப்பேன். செபம் முடியும், கோபம் அப்படியே இருக்கும். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அவள் சொன்னதை நானும் நம்பினேன். என் கையில் ஏதோ இருக்கிறது என்று நம்பி, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் வெடித்த வருடங்கள் உண்டு.

நீ கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, பழைய ஓவியங்களைச் செப்பனிடுகிற படிப்புக்குப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். "இன்னாது, பழைய படத்துக்கு ஒட்டு போடற வேலையா?" எனக்கும் அது இன்னதென்று புரியவில்லை. ஆனால் லீவுக்கு வரும்போதெல்லாம் நீ சொன்ன கதைகள் எனக்குப் பிடிக்கும். முந்நூறு நானூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் படம் வரையச் சொல்கிறவர்கள், என்ன நீலம் போட வேண்டும், எவ்வளவு தங்கம் வைக்க வேண்டும் என்றுகூடப் பேசி முடிவு செய்வார்களாம். மாதாவின் மேலாடைக்குக் கண்ட நீலத்தைப் போட மாட்டார்கள், ஆப்கானிஸ்தான் மலையில் வெட்டிய கல்லைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து அரைத்துப் பூசுவார்கள். ராஜாவின் அங்கிக்குப் பூச்சியை நசுக்கி எடுத்த சிவப்பு. சிலை என்றால் பாலகனின் உடம்புக்கு யானைத் தந்தம். படத்தில் இருக்கிறவர் யார், எவ்வளவு பெரியவர் என்பதைப் பூசுகிற பொருளே சொல்லிவிடும் என்றாய். "அப்ப எங்க தோலு?" என்று நான் விளையாட்டாகக் கேட்டேன். "எல்லாத்துக்கும் அடியில இருக்கும்மா" என்றாய். தோல் துண்டுகளைக் காய்ச்சி எடுக்கிற பசையை, நம் ஊர்த் தச்சர்கள் வஜ்ரம் என்கிறார்களே அதைத்தான், மரச் சுரூபத்தில் முதலில் பூசி, அதன் மேல்தான் தங்கத் தகடு ஒட்டுவார்கள் என்றாய். அன்றைக்கு நான் சும்மா தலையாட்டிவிட்டு உனக்குச் சோறு போட்டேன்.

இந்த வருடம் கோயிலில் பொன்துகிலைச் செப்பனிட ஆள் தேடியபோது, பெரியவர்கள் யாருக்கும் வேறு வழி தெரியாமல் உன்னிடமே வந்தார்கள். பீடத்துக்குப் பின்னால் இருக்கிற அறையில் நீ அதைக் கழற்றிக் குப்புறப் போட்டு வைத்திருந்தாய். என்னைச் சாப்பாடு கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினாய். நான் வந்து டிபன் டப்பாவை வைத்ததும் கதவைச் சாத்தினாய். "அம்மா, இந்தப் பக்கத்த தொட்டுப் பாரு" என்றாய். மாட்டேன் என்றேன். என் கையைப் பிடித்து வைத்தாய். வைத்த உடனே தெரிந்துவிட்டது. என் வாழ்நாள் முழுக்கத் தொட்டதுதானே.

"தோலாடா?"

"தோலுதான். செம்மறி ஆட்டுத் தோலு. சின்னச் சின்னதா வெட்டி, சேத்து தச்சிருக்காங்க."

"அப்ப தங்கம்?"

"தங்கமே இல்லம்மா. வெள்ளித் தகடு. தோலு மேல வஜ்ரம் மாதிரி பசையத் தடவி, வெள்ளிய ஒட்டி, அதுக்கு மேல மஞ்சளா ஒரு மெருகு. எண்ணெய், மரப் பிசின், கத்தாழைச் சாறு எல்லாம் போட்டுக் காய்ச்சறது. பாத்தா தங்கம் மாதிரியே இருக்கும்."

"பின்ன எப்புட்றா கறுத்துச்சு?"

"புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சித் தேச்சி மெருகு போயிடுச்சி. வெள்ளி வெளிய வந்துடுச்சி. நம்ம ஊரு காத்துக்கு வெள்ளி என்ன ஆவும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? இந்தப் பக்கத்தில் வெள்ளிக் கொலுசு போட்ட எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். டேனரிச் சுண்ணாம்புத் தொட்டியில் போடுகிற மருந்து காற்றில் கலந்து, வாங்கிய கொஞ்ச நாளில் கொலுசு கறுத்துவிடும். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். நீ பயந்துவிட்டாய். சிரிப்பு அழுகையாகி, அழுகை முடிந்தபோது எனக்குள் நெருப்பு மட்டும்தான் மிச்சம் இருந்தது. யோசித்துப் பார். வெள்ளி என்று தெரிந்திருந்தால் பழி போட யாரும் ஆள் தேடியிருக்க மாட்டார்கள், வெள்ளி கறுப்பது வழக்கம்தான் என்று விட்டிருப்பார்கள். தங்கம் என்று நம்பியதால்தான் கறுப்புக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது. தங்கம் எப்படிக் கறுக்கும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் கை பட்டால் தங்கமும் கறுக்கும் என்று நம்புவது அவர்களுக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது!

நீ இன்னொன்றும் சொன்னாய். ஐரோப்பாவில் அதைச் செய்தவர்கள் யாரையும் ஏமாற்றவில்லையாம். பட்டுத் திரையைப் பூச்சி அரிக்கும், புகை பிடிக்கும், தோலுக்கு அந்தக் கவலை இல்லை என்று, தோல் என்று தெரிந்தே அரண்மனைச் சுவரிலும் பீடத்திலும் பெருமையாக மாட்டினார்களாம். கப்பலேறி இங்கே வந்த பிறகுதான் அது துணியாகி, தங்கமாகி, என் போன்றவள் தொடக் கூடாததாகியிருக்கிறது. பொருள் அதேதான். அதற்கு இங்கே ஒட்டவைத்த பெயர்தான் என் கழுத்தை அறுத்தது. முதலில் இருந்தே அதைத் தோல் என்று கூப்பிட்டிருந்தால், அந்தக் கோயிலிலேயே அதைத் தொட முழு உரிமை உள்ள கை என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

இவ்வளவும் கண்டுபிடித்த நீ, துகிலுக்கு முன்னால் இனி வைக்கப்போகிற கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டும் பலகைக்கு என்ன எழுதிக் கொடுத்தாய்? 'காலப்போக்கில் நிறம் மங்கிய பொன்துகில் புதுப்பிக்கப்பட்டது.' அவ்வளவுதான். கீழே, 'கண்ணாடி உபயம்: மண்டிக் குடும்பத்தார்' என்று ஒரு வரி. நான் கேட்டதற்கு, "வுட்டுடும்மா. அந்தம்மாவுக்கு எம்பது தாண்டிடுச்சி. நான் போற எடத்துக்கு சண்டையோட போவ வேணாம்னு பாக்கறேன்" என்றாய். காலப்போக்கு என்கிறவர் யார் தம்பி? எந்தத் தெரு? அவரா கோயில் நடுவில் நின்று என் கையைத் தூக்கிக் காட்டினார்? கறுத்த வெள்ளிக்கு நீ மெருகு பூசலாம், அது உன் தொழில். அவள் செய்ததற்கும் சேர்த்து ஏன் மெருகு பூசுகிறாய்?

அவள் திருந்திவிட்டாள், தளர்ந்துவிட்டாள் என்றெல்லாம் நினைக்காதே. போன மாதம் ஆஸ்பத்திரி வராண்டாவில் சக்கர நாற்காலியில் பார்த்தேன். என்னை அடையாளம் தெரியாது என்று ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவளே கூப்பிட்டாள். "துகில சரி பண்றது ஒம் புள்ளயாமே? நல்லா இருக்கட்டும். கைய கழுவிட்டு தொடச் சொல்லு" என்றாள். சுற்றி நின்ற அவள் பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதுதான் எனக்கும் வேண்டும். ஞாபகம் இல்லாதவளிடம் கணக்குத் தீர்த்து என்ன பிரயோசனம்?

ஊரை விட்டுப் போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்த புத்தி கொஞ்சம்தான். மன்னிப்புக் கேட்டு வராதவர்களைத் தேடிப்போய் மன்னிக்காதே, அவர்கள் அதை உன் பயம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டில் நீ வேலை செய்யப் போகிற பெரிய அருங்காட்சியகத்தில் தங்கமாக மின்னுகிற எதைப் பார்த்தாலும் பின்னால் திருப்பிப் பார், பதப்படுத்திய கை யாருடையது என்று கேள். உன் அம்மா என்ன வேலை செய்தாள் என்று அங்கே யாராவது கேட்டால், டேனரியில் என்று முழுசாகச் சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள். என் மேல் கோபம் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு.

இப்போது கடைசி விஷயத்துக்கு வருகிறேன். ஒட்ட முடியாமல் போன ஓரத் துண்டு ஒன்றை நீ சுத்தம் செய்யாமல் கறுப்பாகவே வைத்திருக்கிறாய். "எங்க வேலையில ஒரு எடத்த அப்டியே வுட்டுடுவோம்மா. முன்ன எப்படி இருந்துச்சின்னு பின்னால வர்றவங்களுக்கு சாட்சி வேணும் இல்ல" என்றாய். கண்ணாடிக்குள் போகிற துகிலைத்தான் இனி யாரும் தொட முடியாதே, அதனால் கொடியேற்றத்தன்று அந்தத் துண்டைத் தட்டில் வைத்துச் சனத்துக்குக் கொண்டுபோகலாம், அதைத் தொட்டு ஒற்றிக்கொள்ளட்டும் என்று நீயே கமிட்டியில் சொல்லியிருக்கிறாய். வரிசையில் நிற்க முடியாத கிழடுகளுக்குத் தட்டை நாற்காலிக்கே கொண்டுபோக வேண்டும், அதற்கு யாரை அனுப்பலாம் என்று உன்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஆரோக்கியம் சொன்னான்.

பலகையில் இருக்கிற வாக்கியத்தை மாற்று என்றுதான் எழுத உட்கார்ந்தேன். மாற்றினால் சந்தோஷம். மாற்றாவிட்டாலும் போ, ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டு எனக்கு வேண்டும். அதை நீ கொடுத்தே ஆக வேண்டும். நீ என் வயிற்றில் பிறந்தது உண்மையானால், சாமியார் உன்னைக் கேட்கும்போது என் பெயரைச் சொல்.

கையில் கிளவுஸ் போட மாட்டேன். முன் வரிசையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவள் கை எட்டாது, குனியவும் முடியாது. அதனால் அந்தக் கறுத்த துண்டை இந்தக் கையாலேயே எடுத்து, நானே அவள் இரண்டு கண்ணிலும் ஒற்றுவேன். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வேன்: "தோலுங்கம்மா. ஆட்டுத் தோலு. நல்லா ஒத்திக்குங்க."